அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘விவசாயி’ என்று போடுங்கள்: எங்கள் பங்குத்தந்தைக்கும் நூற்றாண்டு மலர்க் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாதருக்கும், மலர்க் குழுவில் இருக்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

தோத்திரம்.

அச்சுக்குப் போகும் முன் எல்லாரும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று நீங்கள் அனுப்பிய பங்கின் நூற்றாண்டு மலர்ப் பிரதி, அக்கா மகன் மூலமாக வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுக்க வாசித்தேன். தகரக் கூரை போட்ட பழைய கோயிலின் படம், லத்தீனில் பூசை வைத்த காலத்துச் சாமிமார்களின் பெயர்கள், உபதேசியார் ஐயா மலை மலையாக ஏறி இறங்கி ஞானோபதேசம் படிப்பித்த கதை, எல்லாவற்றையும் தேடி எடுத்திருக்கிறீர்கள். எத்தனை மாத அலைச்சல் என்று எனக்கு விளங்குகிறது. முதலில் அதற்கு நன்றி.

ஆனால் "நம் பங்கின் விவசாயப் பெருமக்கள்" என்ற பக்கத்துக்கு வந்ததும் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 14 படங்கள். 14 பேரும் ஆண்கள். இரண்டாவது படம் எங்கள் அப்பா. அவரைப் பற்றி நல்லவிதமாக எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள், கடைசியில் ஒரு வரி: "இவரது துணைவியாரும் இவருக்கு உறுதுணையாக இருந்தார்." பெயர்கூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். குழுவில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம், சொல்லவும் செய்தேன். ஆனால் இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லை, அந்த 14 படங்களுக்குப் பின்னாலும் 14 பெண்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் இதை வாசிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

அம்மா 1931ல் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில் பிறந்தவர். 93 வயது வரை இருந்தார். நீங்கள் எல்லாரும் அவரை "கிழங்குத் தோட்டத்து அம்மாயி" என்றுதான் கூப்பிட்டீர்கள். அவருடைய முழுப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது கோயில் அலுமாரியில் உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

உறுதுணை என்ற சொல் எனக்கு ஏன் பொறுக்கவில்லை என்பதற்கு ஒரு விடியற்காலையைச் சொன்னால் போதும். தை, மாசியில் எங்கள் நுவரெலியாப் பக்கம் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மழை விட்டு வானம் வெளுத்து, ராத்திரி காற்றே இல்லாமல் இருந்தால் மறுநாள் காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி கிடக்கும். உருளைக்கிழங்குச் செடியின் இலையில் அந்தப் பனி உறைந்திருக்கும்போது வெயில் பட்டதோ, மத்தியானத்துக்குள் இலை வெந்தது போலக் கறுத்துச் சுருண்டுவிடும், அத்தோடு மூன்று மாதப் பாடு போச்சு. வெயில் ஏறும் முன் ஒவ்வொரு செடியாகத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். அதற்காக அம்மா நாலு மணிக்கு எழும்புவார். எழும்பும் முன்பே, படுத்தபடி, தகரத்தில் பனி சொட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாராம். சத்தம் இல்லாவிட்டால்தான் பயம், பனி உறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கையில் லாம்பு, ஒரு கையில் பூவாளி, தலையில் இருந்து முதுகு வரைக்கும் படங்குத் துணி. நான் ஏழெட்டு வயதில் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், அதனால் இது யாரும் சொல்லிக் கேட்டதில்லை, கண்ணால் பார்த்தது. வரிசையின் தலைப்பில் நின்று ஒரு பரமண்டல மந்திரம். பிறகு செடிக்குச் செடி தண்ணீர் தெளித்துக்கொண்டே பத்துப் பிரியதத்த மந்திரம், வரிசை முடிகிற இடத்தில் திரித்துவத் தோத்திரம், திரும்பி அடுத்த வரிசை. ஐந்து வரிசையில் ஒரு செபமாலை. நீளமான வரிசை என்றால் மந்திரத்தை மெதுவாக இழுத்துச் சொல்வார், குட்டையான வரிசை என்றால் வேகமாக. "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்று பழைய மாதிரியேதான் கடைசி வரைக்கும் சொன்னார், "அருள் நிறைந்த மரியே" என்று மாறினதை அவர் வாய் ஏற்கவேயில்லை. ஆனால் 2002ல் ரெண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் செபமாலையில் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்தபோது, 71 வயதில், பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஐந்தையும் பாடமாக்கிக்கொண்டார். புதுசு எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்புகிறவர் இல்லை.

கோயிலில் முழங்காலில் நின்று சொன்ன செபமாலையைவிட அந்தக் கிழங்கு வரிசையில் சொன்னதுதான் அதிகம். எல்லாவற்றையும் எண்ணினால் எவ்வளவு வரும் என்று சின்ன வயதில் கணக்குப் போடப் பார்த்திருக்கிறேன், முடிக்கவில்லை.

அப்பாவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். அவர் பாடுபட்ட மனுசன். மண்வெட்டி பிடித்து மட்டம் வெட்டினது, கல்லுப் புரட்டினது, லொறிக்காரனோடும் முதலாளியோடும் விலை பேசினது, மூட்டையோடு மூட்டையாகக் கொழும்பு மெனிங் சந்தைக்குப் போய் வந்தது, எல்லாம் அவர்தான். வெளியே தெரிகிற வேலை அவருடையது, ஆகவே வெளியே தெரிகிற பெயரும் அவருடையதாகிவிட்டது. ஆனால் எந்தக் கிழங்கு சந்தைக்கு, எது விதைக்கு என்று பிரித்தது அம்மா. விதைக்கிழங்கைக் குசினிக்கு மேலே தட்டில் பரப்பி, ராத்திரி லாம்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், கண் எத்தனை, முளை பலமா, ஓரத்தில் அழுகல் இருக்கிறதா என்று. பெரிய கிழங்கை வெட்டி நடும்போது வெட்டின முகத்தில் அடுப்புச் சாம்பல் தடவச் சொன்னதும் அவர்தான். அப்பா ஒரு தடவை அவசரத்தில் தடவாமல் நட்டு அரைவாசி மண்ணிலேயே அழுகிப் போனது. அதற்குப் பிறகு விதை விஷயத்தில் அப்பா வாயே திறந்ததில்லை, யாராவது கேட்டால் "அவளைக் கேளுங்க" என்பார். உங்கள் 14 பேர் பட்டியலில் இருப்பவர்களே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விதை கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அப்புறம் கரட் கழுவுவது. விடிய லொறி வரும் முன் கரட் முழுக்க ஆற்றில் மண் போகக் கழுவிச் சாக்கில் கட்டியாக வேண்டும். நுவரெலியாப் பக்கத்து ஆற்றுத் தண்ணீரில் விடியற்காலை ஐந்து மணிக்கு முழங்கால் அளவில் நின்று பாருங்கள், பத்து நிமிஷத்தில் விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அம்மாவின் விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்து ரத்தம் கசியும், குதிகாலும் அப்படித்தான். அதற்கு அவர் ஒரு மருந்து வைத்திருந்தார். கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கோயில் பிள்ளையிடம் கேட்டு வாங்கி வந்து, தேங்காயெண்ணெயோடு சேர்த்துச் சின்னச் சட்டியில் உருக்கி, இளஞ்சூட்டில் வெடிப்புக்குள் ஊற்றுவார். ஊற்றும்போது பல்லைக் கடித்துக்கொள்வார், சத்தம் வராது. அந்தோனியார் பீடத்து மெழுகு என்றால் சீக்கிரம் ஆறும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் எப்போதும் மெழுகும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் கோயிலுக்குள் நுழைந்ததும் எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வருகிறது.

1948ல் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் சனத்தின் குடியுரிமை போனபோது அம்மாவுக்கு 17 வயது. பிறந்த மண்ணிலேயே நாடற்றவராகி, அப்படியே 1950ல் கல்யாணம் கட்டி, அப்படியே பிள்ளை பெற்றார். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மனுசரைக் கூறு போட்டபோது எங்கள் வீடும் இரண்டாகப் பிரிந்தது. அம்மாவுக்கு இலங்கை, மாமாவுக்கு இந்தியா. நானுஓயா ஸ்டேஷனில் மாமா குடும்பத்தை ஏற்றிவிடப் போன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்தியா போகிறவர்களை அழுதபடி ஏற்றிவிடுகிற ரயில், ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்களே, அதுதான். தலைமன்னார் போய்க் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். போகும்போது மாமா மண் கிளறுகிற தன்னுடைய இரும்பு முள்ளை அம்மாவிடம் கொடுத்தார், மலையில் முள்ளுக் குத்துகிற அதே முள்ளு. "அங்க இது எதுக்கு, நீ கிழங்கு தோண்டு" என்றார். கொஞ்ச வருஷம் கடிதம் வந்தது. பிறகு யுத்தம், கப்பலும் நின்றுபோனது, அண்ணனும் தங்கச்சியும் மறுபடி பார்க்கவேயில்லை. அந்த முள்ளால்தான் அம்மா அடுத்த நாற்பது வருஷம் கிழங்கு தோண்டினார், மூன்று தடவை பிடி மாற்றியிருக்கிறோம், இரும்பு அதேதான்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது 1968ல். வெளிநாட்டுக் கிழங்கு வருவதை அரசாங்கம் நிறுத்தி உள்ளூர்க் கிழங்குக்கு நல்ல விலை வந்த காலம் அது. ஒரு சிங்கள மாத்தயாவின் காணியை வாரத்துக்கு எடுத்தார்கள், விளைச்சலில் பாதி அவருக்கு. லயத்தை விட்டுப் போகாதீங்க, வேலைக்குப் பேர் போட ஆள் இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க என்று சொந்தக்காரர் எல்லாரும் தடுத்தார்கள். போகலாம் என்று சொன்னது அம்மா. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த அன்றைக்கு அவருக்கு 37 வயது, ஆறு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று.

1973, 74 பஞ்சத்தைப் பற்றி மலரில் இரண்டு வரி இருக்கிறது. அது போதாது, பாதர். தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்த காலம் அது. கால் றாத்தல் பாணுக்கு விடியும் முன் வரிசை, கூப்பன் அரிசி குறைந்துபோனது, மரவள்ளி இலையையும் ராபு (முள்ளங்கி) இலையையும் அவித்து உப்புப் போட்டுத் தின்றார்கள். எனக்கு அப்போது 13 வயது. அந்தப் போகத்தில் கிழங்கு தோண்டும்போது அம்மா ஒரு வேலை செய்தார். வழக்கமாக ஒரு தடவை தோண்டி, பிறகு இன்னொரு தடவை முள்ளால் கிளறித் தப்பிக் கிடக்கிற சின்னக் கிழங்கையும் பொறுக்குவோம். அந்த வருஷம் இரண்டாவது தடவை கிளற விடவில்லை. "அது நம்மளுது இல்ல" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் லயத்துப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து கிளறிப் பொறுக்கிக்கொண்டு போனார்கள், யாரும் யாரிடமும் கையேந்தவில்லை. காணிக்காரர் பாதி வாரம் கேட்கிறவர், தப்பின கிழங்கிலும் அவருக்குப் பாதி உண்டு என்று அப்பா பயந்தார். அம்மா நேராக அவருடைய மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, அம்மாவுக்கு அப்போது சிங்களம் அரைகுறைதான், ஆனால் அந்த வீட்டிலிருந்து பிறகு ஒரு பேச்சும் வரவில்லை.

ரூத்து கதையை நான் பெரியவளான பிறகுதான் வேதாகமத்தில் வாசித்தேன். அறுவடையில் சிந்தின கதிரை ஏழைக்கு விடு என்று லேவியர் ஆகமத்தில் இருப்பதையும் பிறகுதான் பார்த்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. உபதேசியார் ஐயா சொன்ன கதை மனதில் நின்றிருக்கலாம், இல்லாவிட்டால் பசித்த பிள்ளைகளைப் பார்த்ததும் தானாகவே தோன்றியிருக்கலாம். கேட்டேன், "ஞாபகமில்ல புள்ள" என்றார்.

அம்மா முதன்முதல் வாக்குப் போட்டது 1977ல், 46 வயதில். அடுத்த மாதமே கலவரம். 1983 ஜூலையில் நுவரெலியா நகரம் எரிந்தபோது எங்களை மூன்று நாள் தன் வீட்டுக் கிழங்கு அறையில் ஒளித்து வைத்தது அதே காணிக்காரரின் மனைவிதான், பாதர். அவரும் இப்போது இல்லை. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தபோது கதவு இல்லை, சட்டி பானை இல்லை, சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் மட்டும் கண்ணாடி உடைந்து தொங்கியது. அம்மா முதலில் ஏறிப் பார்த்தது விதைத் தட்டை. முளை விட்ட கிழங்கு அப்படியே இருந்தது. "இது இருக்கு, சரி" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதார்.

இப்போது அந்தப் புத்தக விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா பெற்றது ஒன்பது, தங்கினது ஏழு. மூன்றாவது பிள்ளை 1958ல் லயத்தில் பிறந்து ஒரு நாள்தான் இருந்தது. நல்ல மழை, பாதை சரிந்து கிடந்தது, சாமியாருக்கு ஆள் அனுப்பினாலும் விடிந்துதான் வருவார். குழந்தை நீலம் பாய்கிறதைப் பார்த்ததும் அம்மா எழுந்து, பிள்ளை பெற்ற உடம்போடு, குண்டானில் ஆறியிருந்த தண்ணீரை எடுத்துத் தன் கையாலேயே தலையில் ஊற்றிப் பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே ஞானஸ்நானம் கொடுத்தார். சாவுத் தறுவாயில் யாரும் கொடுக்கலாம் என்று திருச்சபை சொல்லியிருக்கிறது, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தன் வயிற்றில் பிறந்ததுக்குத் தானே கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். அதற்குப் பிறகு லயங்களில் பிறந்த குழந்தை மோசமாக இருந்தால் பெண்கள் அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ராத்திரி, மழை, அட்டை, எதையும் பார்க்காமல் போவார். சில பிள்ளைகள் பிழைத்தும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் உங்கள் குழுவிலேயே இருக்கிறார், அவருக்கே இது தெரியுமோ என்னவோ.

1985ல் என் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று எடுக்க வந்தபோது கந்தோரில் பழைய புத்தகத்தைத் திறந்து என் பெயரைத் தேடினார்கள். பக்கம் புரட்டும்போது தற்செயலாகத்தான் பார்த்தேன். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் வரிசையாகச் சாமிமார்களின் பெயர்கள், இடையில் அம்மாவின் பெயர். அந்த ஒரு புத்தகத்தில் மட்டும் ஐந்து இடத்தில். சாமியார் பிறகு வந்து மிச்சச் சடங்கை முடித்துவிட்டு, கொடுத்தது இன்னார் என்று நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார். பாதர், அந்தப் புத்தகம் இன்னும் உங்கள் அலுமாரியில் இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியும் அறுபதுகளும். தயவுசெய்து திறந்து பாருங்கள்.

அதே அலுமாரியில் கல்யாணப் புத்தகமும் இருக்கும். 1950ல் அப்பா கையெழுத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் பெருவிரல் ரேகை. என் கல்யாணத்துக்கு அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், கைநாட்டு வேண்டாம், எழுத வேண்டும் என்று. இரண்டு மாதம் கிழங்குச் சாக்கில் கரித்துண்டால் தன் பெயரை எழுதி எழுதிப் பழகினார். லொறியில் போன எத்தனையோ மூட்டையில் அம்மாவின் பெயர் இருந்திருக்கும். அன்றைக்குக் கோயிலில் பேனாவை மண்வெட்டி மாதிரி இறுக்கிப் பிடித்து எழுதினார், கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் போனில் பேசியபோது குழுவிலிருந்து அந்தத் தம்பி சொன்னார், "அக்கா, அம்மாயி உயிரோட இருந்திருந்தா எனக்கெதுக்குப் படமும் பேரும்னுதான் சொல்லியிருப்பாங்க" என்று. உண்மைதான், அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் தன் பெயரை இரண்டு மாதம் சாக்கில் எழுதிப் பழகினவருக்குப் பெயர் முக்கியமில்லை என்று நான் நம்ப மாட்டேன்.

தப்பு உங்களிடம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்த பிறகு மரணப் பதிவுக்கு என் கூடப்பிறந்த தம்பிதான் போனான். தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "தொழில் ஒண்ணும் இல்ல, வீட்லதான்" என்று சொல்லியிருக்கிறான். சான்றிதழில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. அம்மாவின் முள்ளை எடுத்துத்தான் அவன் இன்றைக்கும் தோண்டுகிறான், அம்மா பிரித்த விதையின் வழியில் வந்த கிழங்கைத்தான் நடுகிறான், அவன் வாயில் அப்படி வந்திருக்கிறது. நான் சண்டை போட்டேன். அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு அப்பிடித் தோணவே இல்லக்கா" என்றான். உர மானியப் பதிவு அப்பா பெயரில், அப்பா 1998ல் போன பிறகு தம்பி பெயரில். விவசாயிகளின் கமக்காரர் சங்கத்தில் அப்பா, பிறகு தம்பி. எந்தத் தாளிலும் அம்மா விவசாயி இல்லை. தாளைப் பார்த்துத்தானே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு விளங்குகிறது.

ஆனால் எந்தத் தாளிலும் வராத கஷ்ட காலத்தையும் அவர்தான் சுமந்தார். 1996ல் கிழங்கு இறக்குமதியைத் திறந்துவிட்டு விலை விழுந்தபோது, மூட்டைக் காசுகூட மிஞ்சாத அந்தப் போகத்தில் அப்பா மனம் உடைந்து படுத்துவிட்டார். லீக்ஸ் போடலாம், கோவா (முட்டைக்கோஸ்) போடலாம் என்று முடிவெடுத்து, 65 வயதில் லீக்ஸுக்கு மண் அணைக்கப் புதிதாகப் பழகினவர் அம்மா. 2021ல் ஒரே நாளில் ரசாயன உரம் கிடையாது என்று அரசாங்கம் சொன்னபோது அம்மா அவருக்கு 90 வயது. சாணம் இருக்கே, அம்மாயி காலத்து விவசாயம்தானே என்று படித்த பிள்ளைகள் சிலர் சந்தோஷமாகக் கேட்டார்கள். "சாணமும் வேணும், உரமும் வேணும், கிழங்கு வெறும் மண்ணத் தின்னு வளராது" என்று மட்டும் சொன்னார். அந்தப் போகம் பாதி விளைச்சல்கூட வரவில்லை. விவசாயம் தெரிந்தவர் பேச்சு அது.

இசிதோர் புனிதரின் விழாவை மே 15ல் எங்கள் பங்கில் கொண்டாட வேண்டும் என்று மலரின் கடைசியில் ஒரு யோசனை எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை, விவசாயிகளின் பாதுகாவலர் அவர். அவரோடு சேர்ந்து அதே பண்ணையில் பாடுபட்ட அவருடைய மனைவி மரியாவையும் திருச்சபை மறக்கவில்லை. இசிதோரை 1622ல் புனிதராக்கினார்கள், மரியாவுக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் 1697ல் கிடைத்தது. 75 வருஷம் பிந்தித்தான், ஆனாலும் கிடைத்தது. விழா எடுப்பதென்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து எடுங்கள்.

அம்மாவுக்குப் பிடித்தவர் யோசேப்பு வாஸ் அடிகள். கூலியாள் வேஷத்தில் வெறுங்காலோடு இந்த நாட்டுக்கு வந்தவர், கண்டியில் மழை இல்லாமல் சனம் தவித்தபோது முற்றத்தில் பீடம் வைத்து மன்றாடி மழை பெய்ய வைத்தவர் என்று உபதேசியார் சொன்ன கதை அவருக்கு மனப்பாடம். 2015 ஜனவரி 14ல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக்கினதைப் பொங்கலுக்கு முதல் நாள் தம்பி வீட்டு டீவியில் முழுக்கப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "மழைக்காகக் கும்பிட ஒரு ஆள் நமக்குக் கெடச்சிருச்சு" என்று சொல்லி எழுந்துபோய் வெளியே காயப்போட்டிருந்த விதையை மூடினார். வானம் இருண்டிருந்தது.

சரி, என்ன கேட்கிறேன் என்று நேராகவே சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் அப்பாவின் படத்தை எடுக்க வேண்டாம். பக்கத்தில் அம்மாவின் படத்தைப் போட்டு, முழுப் பெயரை எழுதி, கீழே விவசாயி என்று எழுதுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் அம்மா பெயர் இருக்கிற ஒரு பக்கத்தை, குழந்தையின் பெயரை மறைத்து, மலரில் படமாகப் போடுங்கள். மற்ற 13 வீடுகளுக்கும் ஒரு தடவை போய், அந்த வீட்டுப் பெண் என்ன செய்தார் என்று கேளுங்கள். இன்னும் ஒன்று. எண்பது தாண்டின நாலு பேர் நம் பங்கில் இன்னும் இருக்கிறார்கள், ஒருவருக்குக் காது மந்தம், ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் நிற்காது. அவர்களிடம் நானே போய் உட்கார்ந்து போனில் பதிவு செய்து எழுதித் தருகிறேன். பஸ் காசும் கேட்க மாட்டேன். மலர் ஒரு மாதம் பிந்தட்டுமே, நூறு வருஷத்தில் ஒரு மாதம் பெரிதா?

வருகிற செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கு வருவேன். அக்கா மகன் எடுத்த ஒரு படம் இருக்கிறது, அதைப் பெரிதாகக் கழுவிக் கொண்டுவருகிறேன். அம்மா படங்கோடு கரட் பாத்திக்குள் நிற்கிறார், கையில் மாமாவின் முள்ளு, முகத்தில் வெயில் பட்டுக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். கல்யாண வீட்டுப் படம் ஒன்றும் உங்களிடம் இருக்கிறது என்று தம்பி சொன்னான், சாரியோடு அழகாகத்தான் இருப்பாராம். அது வேண்டாம், இதைப் போடுங்கள். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கிழங்குத் தோட்டத்து அம்மாயியின் ஐந்தாவது மகள்